காற்றில் எமக்கும் பங்குண்டா?



கடந்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் எழுந்த வாக்குவாதத்தை, வந்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். எமது மண்டபம் முன்பு ஒரு நெசவுத் தொழிற்சாலையாக இருந்த கட்டடம். கூரை உயரமானது, சுவர் மெல்லியது, நிலமோ சீமெந்து. அதைச் சூடாக்குவது பழைய எரிவாயுக் கொதிகலன். 2022ஆம் ஆண்டு உக்ரேனில் போர் தொடங்கி எரிவாயு விலை ஏறிய அந்தக் குளிர்காலத்தில், வந்த பட்டியலைப் பார்த்து எமது பொருளாளர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பூசைச் செலவைவிடச் சூட்டுச் செலவு கூடிப்போன மாதங்களும் இருந்தன. டேனிஷ் அரசு பொதுக் கட்டடங்களின் வெப்பநிலையை 19 பாகைக்குக் குறைக்கும்படி கேட்டுக்கொண்ட காலம் அது. நாமும் குறைத்தோம். வெறுங்காலுடன் வரும் முதியவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம்.

எனவே, அந்தக் கொதிகலனை அகற்றி வெப்பப் பம்பு பொருத்துவது, தென்பக்கக் கூரையில் சூரியத் தகடுகள் போடுவது, பணத்தை வங்கிக்குப் போகாமல் அங்கத்தவர்களிடமே சிறு சிறு பங்குகளாகத் திரட்டுவது, மிச்சமாகும் தொகையிலிருந்து ஆண்டுதோறும் திருப்பிக் கொடுப்பது என்ற யோசனையை நிர்வாக சபை முன்வைத்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர் எழுந்தார்.

"அண்ணை, ஊர் உலகமெல்லாம் நிலக்கரி எரியுது. நாங்கள் நூறு குடும்பம் இந்தக் கூரைக்கு மேல கண்ணாடி பதிச்சாப்போல உலகம் குளிர்ந்திடுமோ?"

மண்டபம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்குமுன் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, மன்னாரைப் பிறந்த ஊராகக் கொண்டவர், இருந்தபடியே கேட்டார்: "நீங்கள் இந்த நாட்டுக் காத்தாடியைப் பெருமையாச் சொல்லுறியள். இந்த நாட்டுக் காத்தாடிதான் எங்கட ஊர்க் கடற்கரையிலயும் நிக்குது. அதில எங்களுக்கு என்ன பங்கு, தம்பி?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குப் பிற்போடப்பட்டது. அந்த இரண்டு கேள்விகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து யோசித்ததன் விளைவே இக்கட்டுரை. எமது பிள்ளைகளுக்காக இதன் சாரம் டேனிஷ் பகுதியிலும் வருகிறது.

முதல் கேள்வி பழையது. தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் எவருக்கும் அது ஒருமுறையாவது மனதில் வந்திருக்கும். முந்நூறு கைகள் பிடிக்கும் வடத்தில் எனது கையை எடுத்துவிட்டால் தேர் நின்றுவிடுமா? நிற்காது. கணக்குப்படி எனது கை வீண். ஆயினும் கணக்குப் பார்த்துக் கையை எடுத்தவரை நாம் கண்டதில்லை. மாறாக, சக்கரக் கதிரையில் வந்த முதியவர், பிடிக்க வலுவில்லாவிட்டாலும் வடத்தைத் தொட்டாவது விடவேண்டும் என்று கேட்பதைக் கண்டிருக்கிறோம். அவருடைய விரல் தேருக்கு எவ்வளவு பலம் கொடுத்தது என்று அளக்க முற்படுபவருக்கு அங்கே நடப்பது விளங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இருந்தாலும் அன்பரின் கேள்வியை இந்த உவமையால் மட்டும் தட்டிவிட முடியாது. தேர் எமது தேர். வீதி எமது வீதி. இழுத்தால் இருப்பிடம் சேரும் என்பது தெரியும். காற்றும் வெயிலும் வெப்பமும் அப்படியல்லவே. யாரோ எரிக்கிறார்கள், யாரோ வேகிறார்கள். ஆகவே இந்த நாட்டில் அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். நாம் இங்கே வந்து சேர்ந்தபோது காற்றாடிகள் ஏற்கெனவே வயல்களில் நின்றன. மழையைப் போல, பனியைப் போல, அவை இந்த நாட்டில் முளைத்தவை என்றே நாம் எண்ணிவிட்டோம். அப்படி முளைக்கவில்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தனது சக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 25 தொடக்கம் அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் கார் ஓட்டத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் சைக்கிளிலும் சறுக்குச் சப்பாத்திலும் திரிந்த கதையை எமது அயலவரான வயோதிபர்கள் இன்றும் ஆசையாகச் சொல்வார்கள். கஷ்டகாலத்தை ஆசையாக நினைப்பது எமக்கு மட்டும் உரியதல்ல போலும்.

அதற்குப் பின் அரசாங்கம் நாடியது அணுசக்தியை. மக்களில் பெரும் பகுதியினர் அதை விரும்பவில்லை. வேண்டாம் என்று சொல்வது இலகு. வேறு என்ன என்று காட்டவேண்டும் அல்லவா? மேற்கு யூலண்டில் கிறிஸ்டியன் ரீசகேர் என்ற தச்சர் 1970களின் நடுப்பகுதியில் தானே ஒரு காற்றாடி செய்து, அதைத் தன் வீட்டு மின்கம்பியோடு இணைத்தார். உல்ஃபொர்க் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களுமாகச் சேர்ந்து 1975 முதல் 1978 வரை பாடுபட்டு, 2 மெகாவாட் வலுவுள்ள பெரிய காற்றாலை ஒன்றைத் தம் கையாலேயே எழுப்பினார்கள். (அந்தப் பாடசாலை அமைப்பின் பிற்காலக் கதை வேறு, அதைப் பேச இங்கு வரவில்லை.) இவர்களுக்கும் முன்னால், 1891இலேயே அஸ்கோவ் என்ற கிராமத்து மக்கள் கல்லூரியில் போல் லா குவர் என்ற பௌதிக ஆசிரியர் காற்றாலையால் மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டு நீரைப் பிரித்து ஐதரசன் வாயு சேமித்து, பாடசாலைக்கு விளக்கெரித்தார். பின்னர் கிராமத்து இளைஞர்களுக்கு மின்வேலையும் பழக்கினார். 1985இல் டேனிஷ் பாராளுமன்றம் அணு உலை இல்லை என்று முடிவெடுத்தபோது, அந்த முடிவுக்கு ஒரு தச்சனின் வேலையும் ஒரு வாத்தியாரின் வேலையும் பின்னால் நின்றன.

உலகுக்கே காற்றாலை விற்கும் நிறுவனங்களும் இவ்வாறான இடங்களிலிருந்துதான் வந்தன. வெஸ்டாஸ் நிறுவனம் 1898இல் லெம் என்ற ஊரில் தொடங்கிய கொல்லன் பட்டறை. இன்னொன்று, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் கருவிகள் செய்தவர்கள் 1980இல் பிராண்டே நகரில் தொடங்கியது. 2004இல் ஜேர்மனியின் சீமென்ஸ் அதை வாங்கிக்கொண்டது. ஆம், அபிராமி அம்மன் கோயில் இருக்கும் அதே பிராண்டேதான். அம்மனைத் தரிசிக்கப் போகும் வழியில் காற்றாடித் தொழிற்சாலையைக் கடந்து போகும் எம்மில் எத்தனை பேர் அதைத் திரும்பிப் பார்த்திருப்போம்?

ஆனால் எமக்கு முக்கியமாகப் படுவது இயந்திரம் அல்ல. அதை யார் வைத்திருந்தார்கள் என்பது. 1980களில் ஊரவர்கள் கூடி, கூட்டுறவுச் சங்கமாகக் காற்றாடி வாங்கினார்கள். பக்கத்தில் வசிப்பவர்கள் மட்டுமே பங்கு எடுக்கலாம். அதுவும் தத்தம் வீட்டு மின்பாவனையை ஒட்டிய அளவுக்கே எடுக்கலாம் என்று விதி இருந்தது. பணக்காரர் ஒருவர் ஊர்க்காற்றை மொத்தமாக அள்ளிக்கொள்ள முடியாது. இப்படி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டேனிஷ் குடும்பங்கள் காற்றில் பங்காளிகளாயின. 2000ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே மிடல்குரூண்டனில் 20 காற்றாலைகள் எழுந்தபோதும், அவற்றில் பாதி எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் சேர்ந்த கூட்டுறவுக்கே சொந்தமாக இருந்தது.

சம்ஸோத் தீவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். யூலண்டின் கிழக்குக் கரைக்கு அப்பால், கப்பலில் போகக்கூடிய சின்னத் தீவு. இளம் உருளைக்கிழங்குக்குப் பெயர்போனது. 1997இல் புதுப்பிக்கக்கூடிய சக்தித் தீவு எது ஆகப்போகிறது என்று அரசு நடத்திய போட்டியில் அது வென்றது. அப்போது அங்கிருந்தவர்கள் நாலாயிரத்துக்குச் சற்று மேல். எண்ணெய் கப்பலில் வந்தது, மின்சாரம் கடலடிக் கம்பியில் வந்தது. பரிசாகப் பெரிய பணமூட்டை எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பெயர் மட்டும். சோரன் ஹெர்மன்சன் என்ற கமக்காரர் மகன், பாடசாலையில் கற்பித்தவர், வீடு வீடாகவும் கூட்டம் கூட்டமாகவும் பேசித் திரிந்தார். அயலவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள். எந்த ஊரில்தான் அப்படியில்லை? யாருக்கு இலாபம், யார் வீட்டுச் சன்னலுக்கு முன்னால் காற்றாடி நிற்கும், இடம் கொடுக்காதவனுக்கு என்ன கிடைக்கும் என்பவைதான் பேச்சு. துருவக் கரடியைப் பற்றி யாரும் அங்கே அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டில் தரையில் 11 காற்றாலைகள் எழுந்தன. பெரும்பாலானவை தனித்தனிக் கமக்காரருடையவை. இரண்டு, சிறு பங்காளர் பலர் சேர்ந்து வாங்கியவை. 2003 அளவில் தீவின் தெற்கே கடலில் 10 பெரிய காற்றாலைகள் இயங்கின. அவற்றில் ஐந்து நகரசபைக்குச் சொந்தம். வயலில் மிஞ்சும் வைக்கோலை எரித்து, சுடுநீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் நிலையங்கள் வந்தன. இன்றும் அங்கே கார்கள் பெற்றோலில் ஓடாமலில்லை. கடற்காற்றாலைகள் வெளியூருக்கு அனுப்பும் மின்சாரத்தை அந்தப் புகைக்கு ஈடாகக் கழித்தே, வெளியேற்றம் பூச்சியத்துக்குக் கீழ் என்று கணக்குக் காட்டுகிறார்கள். கணக்கில் கொஞ்சம் சாமர்த்தியம் உண்டு. என்றாலும் ஒரு ஊர் தன் அடுப்பையும் விளக்கையும் தானே பொறுப்பேற்றுக்கொண்டது பொய்யல்ல.

இதை எழுதும்போது தமிழில் ஒரு சொல் எம்மை விடாமல் இழுக்கிறது. பங்கு. கம்பனியில் போடும் பணமும் பங்கு. பாகம் பிரிக்கும்போது கிடைக்கும் காணித்துண்டும் பங்கு. ஒரு காரியத்தில் ஒருவர் ஆற்றுவதும் பங்கு. சம்ஸோவில் இந்த மூன்றும் ஒரே கையில் இருந்தன. காற்றாடியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுப்பவனும், அதற்குப் பணம் போட்டவனும், எங்கே நிற்கவேண்டும் என்று கூட்டத்தில் கை உயர்த்தியவனும் ஒருவனே. பங்காளிகள் சண்டை பிடிப்பார்கள், அது எமக்குத் தெரியாததல்ல. ஆனால் பங்காளியைக் கேளாமல் காணியில் வேலி போட முடியாது.

இனி மறுபக்கம். இந்த நாட்டிலும் அந்த நிலை அப்படியே நிலைக்கவில்லை. பக்கத்தில் வசிக்கவேண்டும் என்ற விதி படிப்படியாகத் தளர்ந்து போயிற்று. காற்றாலைகள் பெரிதாகின, விலை பெரிதாகியது, ஊர்க் கூட்டுறவுகளின் இடத்தில் பெரு நிறுவனங்களும் முதலீட்டு நிதிகளும் வந்தன. 2009 தொடக்கம், புதிய தரைக் காற்றாலை ஒன்றின் 20 வீதப் பங்கையாவது அயலவருக்கு விற்க முன்வரவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 2020இல் அதையும் எடுத்துவிட்டு வேறு விதமான கொடுப்பனவுகளை வைத்தார்கள். இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அதேவேளை 2025 நவம்பரில் நடந்த நகரசபைத் தேர்தலில், வயல்களை மூடும் சூரியத் தகடுகளை "இரும்பு வயல்கள்" என்று ஏசி வாக்குக் கேட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். எதிர்ப்பவர்கள் எல்லோரும் அறிவிலிகள் என்று எமது பிள்ளைகளில் சிலர் சொல்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பார்க்கும் பாரம் ஊருக்கும் வரும் பணம் வேறெங்கோவும் என்று ஆனபின், ஊரவன் முகம் சுளிப்பதில் என்ன புதுமை?

டென்மார்க்கில் முகச்சுளிப்பாக இருப்பது, மன்னாரில் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது வருகிறோம்.

மன்னார்த் தீவின் தென்கரை நெடுக நிற்கும் தம்பபவனிக் காற்றாலைகள் 30. மொத்த வலு 103.5 மெகாவாட். இலங்கை மின்சார சபைக்காக, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டப்பட்டு, 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்டவை. இயந்திரங்கள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்தவை. அம்மா சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. அதன் பின் இந்தியப் பெருநிறுவனம் ஒன்று மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் அளவில் அமைக்கவிருந்த திட்டம் வழக்குகளிலும் விலைப் பேச்சிலும் இழுபட்டு, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அத்தோடு ஓயவில்லை. வேறு காற்றாலைகளுக்கான பாகங்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்கள் வீதியில் இறங்கினார்கள். மீனவர், பெண்கள், இளைஞர், அவர்களோடு கத்தோலிக்கக் குருமாரும் நின்றார்கள். அங்கே பங்கு என்றால் கோயிலைச் சேர்ந்த ஊர். அதன் குருவானவர் பங்குத்தந்தை. எமது சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் நினைத்துக்கொண்டோம்.

அவர்கள் சொல்லும் முறைப்பாடுகள் இவை. காற்றாடிக்குப் போட்ட பாதைகளும் மேடைகளும் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்து ஊரை வெள்ளத்தில் விடுகின்றன. கரைவலையில் மீன்பாடு குறைந்துவிட்டது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்கு இடைஞ்சல். பக்கத்து வங்காலைச் சரணாலயம் உலகளவில் முக்கியம் என்று பட்டியலிடப்பட்ட சதுப்புநிலம். இவற்றில் எது எவ்வளவு என்று அறிஞர்கள் ஆராயட்டும். மீன் குறைந்ததற்கு இழுவைப்படகுகளும் காரணம் என்பது எமக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எங்களை யாரும் கேட்கவில்லை. அங்கே எடுக்கும் மின்சாரம் நாட்டின் பொதுக்கம்பியில் போகிறது. மன்னார் வீட்டுக்காரர் மற்றவர்களைப் போலவே பட்டியல் கட்டுகிறார். சத்தமும் நிழலும் வெள்ளமும் மட்டும் ஊரோடு தங்குகின்றன.

மறுவாதத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதே. எண்ணெய் வாங்க டொலர் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். காற்றுக்கு டொலர் தேவையில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் புகைகிறது. அந்தப் புகையைக் குடிப்பவர்களும் ஒரு கடற்கரை ஊர் மக்களே. சுன்னாகத்தில் எண்ணெய் மின்நிலையத்தால் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எம்மில் பலருக்குச் சொந்த வீட்டுக் கதை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி பணித்தது; கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்த பழைய நம்பிக்கையை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனையும் ஊர்களில் மன்னாரும் ஒன்று. ஆகவே காற்றாடியே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். அந்த அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. என்ன பங்கு என்றுதான் கேட்டார்.

கூட்டத்துக்குப் பின் தேநீர் வேளையில், காற்றாலைத் துறையில் வேலை செய்யும் எமது இளைஞர் ஒருவர் அவரிடம் போய் அமர்ந்தார். "அம்மா, உலகத்துக்காக யாராவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தானே வேணும்" என்றார். நல்ல பிள்ளை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அம்மா கோபிக்கவில்லை. "ஓம் மோனே. ஆனால் விட்டுக்குடுக்கிறதெண்டால் அது முதலில் என்ர கையில இருக்கவேணும். பறிச்சுக்கொண்டு போறதுக்குப் பேர் வேற" என்றார்.

விட்டுக்கொடுப்பது என்று வந்துவிட்டதால் எமது சொந்தக் கணக்கையும் திறந்து பார்ப்போம். கோப்பன்ஹேகனிலிருந்து கொழும்புக்கு ஒருவர் விமானத்தில் போய்வந்தால், அவர் பங்குக்கு வெளிவரும் கரியமிலவாயு ஒரு தொன்னைத் தாண்டும். இலங்கையில் வாழும் ஒருவருக்குச் சராசரியாக ஓராண்டு முழுவதற்கும் விழுவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு குடும்பமாக நாலு பேர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்தால், நாலு ஊரவரின் ஓராண்டுப் புகை. போகாதீர்கள் என்று எழுத எமக்கு மனம் வரவில்லை. நாமும் போகிறோம். வயதான தாயைப் பார்க்கப் போகும் பயணத்தைத் தராசில் வைக்கும் துணிவு எமக்கில்லை. ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, மன்னார் மீனவனைப் பார்த்து உலகத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்லும் துணிவும் எமக்கு வரக்கூடாது என்று நினைக்கிறோம்.

சிக்கனம் எமக்குத் தெரியாததல்ல. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கரியமிலவாயுக் கணக்கெடுத்தால் அந்த ஆண்டுகளில் எமது மக்களைப்போல் உத்தமர் உலகிலேயே இருந்திருக்க மாட்டார்கள்! இதைச் சிலர் மேடையில் பெருமையாகச் சொல்வதுண்டு. நாம் அதில் சேரமாட்டோம். அந்த விளக்கின் கீழ்ப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு வழியில்லாமல் அணைந்த விளக்கைத் தியாகம் என்று அழைப்பது, அணைத்தவனைக் காப்பாற்றும் பேச்சாகும். அன்று எங்களையும் யாரும் கேட்கவில்லை.

எனவே பின்வரிசை அன்பருக்கு எமது பதில் இதுதான். எமது கூரையால் உலகம் குளிராது. அவர் கணக்குச் சரி. ஆனால் இந்த நாட்டில் எதுவும் உலகைக் குளிர்விக்கும் கணக்கோடு தொடங்கவில்லை. தச்சர் தன் வீட்டு விளக்குக்காகத் தொடங்கினார். சம்ஸோக்காரர் தமது எண்ணெய்ச் செலவுக்காகத் தொடங்கினார்கள். நாமும் எமது பட்டியலுக்காகத் தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். நாலு பணக்காரர் கொடுத்து முடித்துவிடலாம் என்று சபையில் ஒரு பேச்சு அடிபடுகிறது. வேலை சுருக்கமாக முடியும் என்பது உண்மைதான். அதைவிட, நூறு குடும்பமும் நூறு குரோனர் என்றாலும் போட்டு, குளிர்கிறது, கூடச் சுடுகிறது, ஏன் இந்தக் கம்பனி, ஏன் அந்தத் தகடு என்று பங்காளிகளாய் நின்று சண்டை பிடிப்பதையே நாம் விரும்புகிறோம். பொருளாளர் இதை விரும்பமாட்டார் என்பதும் தெரியும்.

அம்மாவுக்கு எம்மிடம் முழுமையான பதில் இல்லை. மன்னாரில் எங்கே நடவேண்டும், எங்கே நடக்கூடாது என்பதைத் தீர்மானிக்க நாம் யார்? ஆயினும் நாம் இந்த நாட்டில் வாக்குள்ளவர்கள். எம்மில் பலருடைய ஓய்வூதியப் பணம் எமக்குத் தெரியாமலே நிதிகளுக்குள் போய், எங்கெங்கோ முதலீடாக நிற்கிறது. எமது ஓய்வூதிய நிதிகளுக்கு எழுதிக் கேட்கலாம்: நீங்கள் பணம் போடும் காற்றாலை நிற்கும் ஊரில், ஊரவருக்குப் பங்கு உண்டா, யாராவது அவர்களைக் கேட்டார்களா? சம்ஸோவில் கேட்காமல் செய்திருக்க முடியாததை மன்னாரில் கேட்காமல் செய்வது ஏன்? கடிதத்தின் டேனிஷ் வடிவத்தை, மேலே சொன்ன அந்த இளைஞரே எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்தபின்பே அனுப்புவதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள். முதல் வாசிப்பில் அம்மா மூன்று இடங்களில் நிறுத்தினாராம்.

பங்குப் பட்டியல் மண்டப வாசலில், பாதணிகள் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது. இதை எழுதும்வரை 41 குடும்பங்கள் பெயர் எழுதியுள்ளன. பின்வரிசை அன்பர் இன்னும் எழுதவில்லை. ஆனால் சூரியத் தகட்டுக்கு மூன்று இடங்களில் விலை விசாரித்து, நிர்வாக சபை வாங்கிய விலை கூட என்று எம்மோடு சண்டைக்கு வந்திருக்கிறார்.